தொழிற்சாலைப் பயிற்சியை ஆன்லைனில் நடத்த மென்பொருள் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோவைப் பக்கம் சுமார் 400 பேர் வேலை பார்க்கும் ஒரு பம்ப் தொழிற்சாலையில் பயிற்சிப் பொறுப்பில் இருந்தபோது இந்த வேலையை இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை தப்பாகச் செய்தேன். டெமோ பார்த்தோம், பிடித்தது, ஒரு வருடத்துக்குப் பணம் கட்டினோம். நாலாவது மாதத்துக்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை. இரண்டாவது தடவை வேலையின் வரிசையைத் தலைகீழாகப் போட்டோம், மென்பொருள் நிலைத்து நின்றது. அதன் பிறகு பக்கத்து யூனிட்டுகளில் சிலர் கேட்டதால் கூட இருந்து பார்த்தேன். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். மென்பொருளை விற்பவரை நீங்கள் சந்திப்பது 9-ஆவது படியில்தான். அதுவரை அவர் போன் செய்தால் "அடுத்த மாதம் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

உங்களிடம் 50 பேருக்குள்தான் ஆட்கள், எல்லோருக்கும் ஒரே மொழி, வருடத்துக்கு நாலைந்து பயிற்சி என்றால் தனி மென்பொருளே வேண்டாம். ஒரு வீடியோ, ஒரு கூகுள் ஃபார்ம், ஒரு எக்செல் ஷீட் போதும்.

1. வாங்கப்போவது ஒரு பொருள் அல்ல, இரண்டு

பாடத்தைத் தயாரிப்பது ஒரு மென்பொருள். அதை ஆட்களிடம் கொண்டுசேர்த்து, யார் முடித்தார் என்று கணக்கு வைப்பது இன்னொன்று. முதலாவதைத் தயாரிப்புக் கருவி என்று வைத்துக்கொள்ளலாம். ஐஸ்பிரிங், ஸ்டோரிலைன், கேப்டிவேட் எல்லாம் இந்த ரகம். இரண்டாவதை எல்எம்எஸ் என்பார்கள். மூடுல், டேலண்ட் எல்எம்எஸ் போன்றவை இந்த ரகம். சமையல் வேறு, பந்தி வேறு.

சில எல்எம்எஸ்களில் பாடம் தயாரிக்கும் வசதியும் உள்ளேயே இருக்கும். புதியவர்கள் "ஒரே செலவில் முடிந்தது" என்று அதைத்தான் எடுப்பார்கள். அதில் தயாரித்த பாடத்தை வெளியே எடுத்து வேறு எல்எம்எஸ்ஸில் போட முடியுமா என்று முதலிலேயே பாருங்கள். முடியாது என்றால், நாளைக்கு மென்பொருளை மாற்றும்போது 30 பாடங்களை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டி வரும். அந்தப் பயத்திலேயே பிடிக்காத மென்பொருளோடு ஐந்து வருடம் குடித்தனம் நடத்துகிற கம்பெனிகள் உண்டு.

2. கடைசியில் காட்ட வேண்டிய தாளை முதலில் வரையுங்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பயிற்சிப் பதிவுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர் வந்து நிற்கும்போது எந்த ரிப்போர்ட்டை நீட்டப்போகிறீர்கள் என்று கட்டம் போட்டு வரையுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததுதான் எங்கள் முதல் தோல்வி. பாடம் அழகாக ஓடியது. கேட்ட கணக்கை மட்டும் அதிலிருந்து எடுக்க முடியவில்லை.

எங்கள் தாளில் இருந்த பத்திகள்: பணியாளர் எண், பெயர், பிரிவு, பாடத்தின் பெயர், பாடத்தின் பதிப்பு எண், முடித்த தேதி, மதிப்பெண், எத்தனையாவது முயற்சி, அடுத்து புதுப்பிக்க வேண்டிய தேதி.

மதிப்பெண் எதற்கு என்றால், தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001:2015 தரநிலையின் 7.2 பிரிவு கேட்பது தகுதிக்கான சான்றை. ஆள் வந்து உட்கார்ந்தார் என்ற வருகைப் பதிவு மட்டும் அதற்குப் போதாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன் 19-ஆவது பிரிவோ விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் நடத்தச் சொல்கிறது. அதற்குத் தேதிவாரியான பதிவு வேண்டும். ஒவ்வொரு பயிற்சியும் வேறு வேறு சான்று கேட்கும். அந்தச் சான்றுகளை எல்லாம் ஒரே தாளில் அடக்கப் பாருங்கள்.

பதிப்பு எண்ணை எல்லோரும் மறப்பார்கள். வேலைமுறை மாறியதும் பழைய பாடத்தின் மேலேயே புதிய கோப்பை ஏற்றிவிடுவார்கள். போன வருடம் முடித்தவர்கள் பெயரெல்லாம் புதிய முறையைப் படித்தவர்களாக ரிப்போர்ட்டில் வந்து நிற்கும். "இவர் படித்தது எந்தப் பதிப்பு?" என்று ஆடிட்டர் கேட்டால் வாயடைத்துப்போகும். அதனால் பதிப்பு எண்ணைப் பாடத்தின் பெயரிலேயே சேர்த்து, மாற்றம் வரும்போது தனிப் பாடமாக ஏற்றுங்கள்.

இன்னொன்று: வேலையை விட்டுப் போனவர். ஆளை நீக்கினால் அவருடைய பதிவுகளும் சேர்ந்து மறைந்துவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. நீக்காமல் முடக்கிவைக்க வழி இருக்கிறதா என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. படிக்கப்போகிறவர்களின் பட்டியலைச் சீர்செய்யுங்கள்

இது மென்பொருள் வேலையே அல்ல, எக்செல் வேலை. ஆனால் பாதித் திட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

பெயரில் தொடங்குங்கள். பெரும்பாலான எல்எம்எஸ்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். நம்மவர்களுக்கு இனிஷியல்தான் உண்டு. ஒருவர் இனிஷியலை முதல் கட்டத்தில் போடுவார், அடுத்தவர் இரண்டாவதில் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை முழுதாக எழுதுவார். இனிஷியல் எப்போதும் இரண்டாவது கட்டத்தில் என்று முடிவு செய்து ஒரே ஆள் உட்கார்ந்து நிரப்பட்டும். ஏழு முருகன் இருக்கும் இடத்தில் பெயரை நம்பவே கூடாது. பணியாளர் எண்தான் அடையாளம்.

அந்த எண்ணிலும் ஒரு கண்ணி உண்டு. 00457 என்று இருப்பதை எக்செல் 457 ஆக்கிவிடும். ஆள் 00457 என்று அடிப்பார், மென்பொருள் "அப்படி ஒருவர் இல்லை" என்று சொல்லும். அந்தப் பத்தியை முன்கூட்டியே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவையுங்கள்.

அடுத்து, உள்ளே நுழைவது எப்படி. தொழிலாளர்களில் பலருக்கு மெயில் முகவரி கிடையாது, இருந்தாலும் பாஸ்வேர்டு நினைவில்லை. பணியாளர் எண்ணும் நான்கு இலக்க ரகசிய எண்ணும் என்ற முறைதான் எங்களுக்குச் சரிப்பட்டது. போனுக்கு ஓடிபி அனுப்பலாமே என்று தோன்றும். இந்தியாவில் கம்பெனி பெயரில் எஸ்எம்எஸ் போக வேண்டுமென்றால் அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு எல்எம்எஸ்ஸின் "ஓடிபி வசதி உண்டு" என்ற பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். யார் பதிவது, யார் செலவு என்று கேளுங்கள்.

எதில் படிப்பார்கள்? இயந்திரங்கள் ஓடும் இடத்தில் போனுக்குத் தடை. வீட்டில் போய்ப் படிக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பயிற்சி வேலையின் பகுதி, வேலை நேரத்தில்தான் நடக்க வேண்டும். நாங்கள் பயிற்சி அறையில் நான்கு டேப் வைத்து, ஷிப்ட் தொடக்கத்தில் 20 நிமிடம் ஒதுக்கினோம்.

பொது டேப் வைத்தால் தானாக வெளியேறும் வசதி கட்டாயம் வேண்டும். ஒரு வாரம் ரிப்போர்ட்டைப் பார்த்தபோது ஒரே ஆள் ஒரே பாடத்தை ஒரே காலையில் நாலு தடவை முடித்திருந்தார். முதல் ஆள் வெளியேறாமல் எழுந்து போயிருக்கிறார். அடுத்து வந்த மூன்று பேரும் அவர் பெயரிலேயே படித்திருக்கிறார்கள். அந்த மூவரையும் கண்டுபிடித்து மறுபடி உட்காரவைக்க இரண்டு நாள் ஆனது.

மொழியைப் பட்டியலில் தனிப் பத்தியாகச் சேருங்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் இல்லாத யூனிட் இன்று கொங்கு மண்டலத்தில் அபூர்வம். தமிழ், இந்தி, ஒடியா என்று மூன்று பாடமாகப் போட்டால் ரிப்போர்ட்டும் மூன்றாகப் பிரியும். அதை ஒரே கணக்காகச் சேர்த்துக் காட்ட மென்பொருளால் முடியுமா என்பது 9-ஆவது படிக்கான கேள்வி.

4. எது ஆன்லைனுக்கு வரும், எது வராது

புதிதாகச் சேர்பவருக்கான அறிமுகம், பாதுகாப்பு விதிகள், தரப் புகார்களிலிருந்து கற்ற பாடங்கள், பணியிடத்தை ஒழுங்காக வைக்கும் 5எஸ் முறை ஆகியவை வரும். லேத் ஓட்டுவது, கேஸ் கட்டிங், தீயணைப்பானைக் கையால் இயக்குவது வராது. அவற்றின் விதிமுறையை ஆன்லைனில் சொல்லலாம். கை பழகியதா என்பதைச் சூபர்வைசர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரடி ஒப்புதலையும் எல்எம்எஸ்ஸிலேயே பதிய முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் காகிதம் தொடரட்டும்.

மூன்றே மூன்று பாடத்தோடு தொடங்குங்கள். 40 பாடம் என்று பட்டியல் போட்டவர்கள் யாரும் பத்தைத் தாண்டி நான் பார்க்கவில்லை.

5. தயாரிப்புக் கருவி: திருத்தப்போகிறவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

முதல் தடவை பாடம் செய்வது எளிது. ஆறு மாதம் கழித்து ஒரு அளவு மாறும்போது அதைத் திருத்தப்போவது யார் என்பதுதான் கேள்வி. அந்த ஆளுக்குத் தெரிந்த கருவியே சரியான கருவி.

அவருக்கு பவர்பாயிண்ட் மட்டும் தெரியும் என்றால் ஐஸ்பிரிங் பொருந்தும். அது பவர்பாயிண்டுக்குள்ளேயே உட்காரும். விண்டோஸ் கம்ப்யூட்டர் வேண்டும். ஆள் ஒரு முடிவெடுத்தால் ஒரு விளைவு, வேறு முடிவெடுத்தால் வேறு விளைவு என்று கிளைபிரியும் பாடம் வேண்டுமென்றால் ஸ்டோரிலைன். ஆனால் அதைக் கற்க வாரக்கணக்கில் உட்கார வேண்டும். போனில் மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும் பாடத்துக்கு ரைஸ் நன்றாக இருக்கும். காசே இல்லை, மூடுல்தான் எல்எம்எஸ் என்றால் அதற்குள்ளேயே இயங்கும் எச்5பி இலவசம். திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம்.

ஸ்லைடு வடிவப் பாடத்தைப் போனில் பார்த்தால் எழுத்து எறும்பாகிவிடும். கம்ப்யூட்டர் திரையில் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். எந்தக் கருவியையும் ஐந்து அங்குலத் திரையில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீடியோவில் ஆசை வேண்டாம். ஒரு சொல் மாறினாலும் மறுபடி எடுக்க வேண்டும். கை அசைவு, இயந்திர அசைவு மட்டும் வீடியோவில் இருக்கட்டும். மாறக்கூடிய எண், பொறுப்பாளர் பெயர், தொலைபேசி எண் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

அளவையும் கணக்கிடுங்கள். நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் எடுத்த 8 நிமிட வீடியோ சுமார் 90 எம்பி. அரை மெகாபிட் என்றால் 30 எம்பி. இருபது பேர் ஒரே நேரத்தில் முதல் ரகத்தைப் பார்த்தால் உங்கள் இணைப்பு 30 மெகாபிட்டைத் தொடர்ந்து தாங்க வேண்டும். டேப்பின் சின்னத் திரைக்கு இரண்டாவது ரகமே போதும்.

வெளியாளிடம் பாடம் செய்யக் கொடுத்தால், கருவியில் திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்பும் தர வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். முடித்த ஜிப் கோப்பை மட்டும் தந்துவிட்டுப் போனால், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தக்கூட அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். அதேபோல், சந்தா கட்டி வாங்கும் கருவியில் சந்தா நின்றால் வெளியிட்ட பாடம் ஓடும், மூலக் கோப்பைத் திறந்து திருத்த முடியாது. எத்தனை வருடச் சந்தா என்பதைச் செலவுக் கணக்கில் சேருங்கள்.

6. ஸ்கோர்ம்: இரண்டு மென்பொருளும் பேசிக்கொள்ளும் மொழி

பாடம் "இவர் முடித்தார், 80 மதிப்பெண்" என்று எல்எம்எஸ்ஸிடம் சொல்ல ஒரு பொது மொழி வேண்டும். அதுதான் ஸ்கோர்ம். இதில் 1.2, 2004 என்று இரண்டு பதிப்புகள் புழக்கத்தில் உள்ளன. பழையது என்று நினைத்து 1.2-ஐ ஒதுக்காதீர்கள். ஏறக்குறைய எல்லா எல்எம்எஸ்ஸும் ஏற்பது அதைத்தான். மூடுலில் 2004 சரியாக ஓடாது.

1.2-இல் நிலையைச் சொல்ல ஒரே ஒரு இடம்தான் உண்டு. முடித்தார் என்பதும் தேறினார் என்பதும் அந்த ஒரே இடத்துக்குப் போட்டி போடும். பாடத்தை வெளியிடும்போது இரண்டில் எதை அனுப்புவது என்று கருவி கேட்கும். தேர்வு இருந்தால் தேறினார், தோற்றார் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கவனிக்காமல் விட்டால், தேர்வில் தோற்றவரும் கடைசி ஸ்லைடைத் தொட்டதால் "முடித்தார்" என்று ரிப்போர்ட்டில் வருவார்.

எங்கே விட்டாரோ அங்கிருந்து தொடர்வதற்கான குறிப்புக்கு 1.2-இல் 4096 எழுத்து வரைதான் இடம். நீளமான பாடத்தில் அது நிரம்பிவிடும். அதற்கு மேல் சேமிக்காது. ஆள் மறுநாள் வந்தால் பழைய இடத்திலோ முதல் ஸ்லைடிலோ போய் நிற்பார். இதற்கு வைத்தியம் எளிது: 40 நிமிடப் பாடத்தை நான்கு 10 நிமிடப் பாடமாக உடையுங்கள். ஷிப்ட் நேரத்துக்கும் அதுதான் தோது.

ஜிப் கோப்பை யாராவது திறந்து பார்த்து மறுபடி சுருக்கினால் எல்எம்எஸ் அதை ஏற்க மறுக்கும். காரணம், பாடத்தில் என்னென்ன இருக்கிறது என்று எல்எம்எஸ்ஸுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பு ஜிப்பின் முதல் மட்டத்திலேயே இருக்க வேண்டும். கோப்புறையோடு சேர்த்துச் சுருக்கினால் அது ஒரு படி உள்ளே போய்விடும். கருவி தந்த ஜிப்பை அப்படியே ஏற்றுங்கள், தொடாதீர்கள்.

பாடத்தின் கடைசியில் "வெளியேறு" பொத்தானுடன் ஒரு ஸ்லைடு வையுங்கள். முடிந்ததும் ஆட்கள் டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மதிப்பெண் போய்ச் சேராமலே நின்றுவிடுகிறது.

பதிவு வரவில்லை என்றால் பாடம் செய்தவர் எல்எம்எஸ்ஸைக் குறை சொல்வார், எல்எம்எஸ்காரர் பாடத்தைக் குறை சொல்வார். அதே ஜிப்பை, ஸ்கோர்ம் பாடங்களைச் சோதிக்க உதவும் ஸ்கோர்ம் கிளவுட் என்ற இணையதளத்தில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். அங்கே சரியாக ஓடினால் சந்தேகம் எல்எம்எஸ் பக்கம் திரும்பும். ஒரு மணி நேரத்தில் பஞ்சாயத்து முடியும்.

ஸ்கோர்முக்குப் பிறகு வந்த எக்ஸ்ஏபிஐ என்ற பதிவு முறையைப் பற்றி விற்பனையாளர்கள் நிறையப் பேசுவார்கள். முதல் வருடத்தில் உங்களுக்கு அது தேவைப்படாது.

7. தமிழ்ச் சோதனை

வெளிநாட்டு மென்பொருள், உள்நாட்டு மென்பொருள் என்ற பேதமில்லாமல் எல்லாமே இங்கே ஒருமுறையாவது தடுமாறுகின்றன. "எல்லா மொழிக்கும் ஆதரவு உண்டு" என்ற பதிலுக்குப் பொருள் எதுவும் கிடையாது. நீங்களே சோதித்துப் பாருங்கள்.

முதலில் உங்கள் பழைய ஸ்லைடுகள். அவை பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே கருவிக்குள் போடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத டேப்பில் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த குப்பையாக வரும். மாற்றிய பிறகு ஒருமுறை வரி வரியாகப் படியுங்கள். இடையிலே கிடந்த ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாறி, அர்த்தமில்லாத தமிழாகியிருக்கும்.

அடுத்து சான்றிதழ். திரையில் தமிழ் சரியாக வரும் மென்பொருளே பிடிஎஃப் ஆக்கும்போது கொம்பை இடம் மாற்றிப் போடும். கோவிந்தராஜ், சௌந்தர்யா, ஸ்ரீதேவி, ஜோசப் என்ற நான்கு பெயர்களுக்குச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள். இந்த நாலும் தேறினால் மற்றவை தேறும். சான்றிதழ் ஆட்கள் வீட்டில் மாட்டிவைக்கும் பொருள். பெயர் கோணலாக வந்தால் அந்த மனக்குறை லேசில் போகாது.

ரிப்போர்ட்டை சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செலில் நேராகத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாக வரலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். எக்செலின் டேட்டா பகுதியில் போய்க் கோப்பை உள்ளே எடுத்து, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளைத் தமிழில் வைக்காதீர்கள். "தலைக்கவசம்" என்பது விடை என்றால் "ஹெல்மெட்" என்று எழுதியவர் தோற்பார். டைப் அடிப்பதே சிரமம், அதிலும் சரியான விடைக்குத் தவறு என்று வந்தால் டேப்பைத் தூக்கிப்போடத் தோன்றும். படத்தைத் தொட்டுக் காட்டும் கேள்வி, நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி போதும்.

குரலுக்குக் கம்ப்யூட்டர் குரல் வேண்டாம், உங்கள் சூபர்வைசர் ஒருவரைப் பேசவிடுங்கள். "நம்ம செல்வம் அண்ணன் குரல்" என்று தெரிந்தால் ஆட்கள் காது கொடுக்கிறார்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்கு ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒலி இருந்தே ஆக வேண்டும்.

8. சொந்த சர்வரா, வாடகையா? பணக் கணக்கு

மூடுல் இலவசம் என்பது பாதி உண்மை. மென்பொருளுக்குக் காசில்லை; சர்வருக்கு உண்டு. பேக்கப் எடுக்க, பாதுகாப்புத் திருத்தங்களை அவ்வப்போது ஏற்ற ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயரை இப்போதே உங்களால் சொல்ல முடியவில்லை என்றால் வாடகை மென்பொருளுக்குப் போங்கள்.

வாடகையில் கேட்க வேண்டியது ஒன்றே: பதிந்த ஆளுக்குக் காசா, அந்த மாதம் உள்ளே வந்த ஆளுக்குக் காசா? உதாரணத்துக்கு ஆளுக்கு மாதம் 60 ரூபாய் என்று வையுங்கள். 400 பேரைப் பதிந்தால் வருடத்துக்கு 2,88,000 ரூபாய். மாதம் சராசரியாக 120 பேர்தான் உள்ளே வருகிறார்கள், அவர்களுக்கு மட்டும் காசு என்றால் 86,400. பதிந்த ஆளுக்குக் காசு என்றால், முடக்கிவைத்த பழைய ஆட்களையும் எண்ணுவார்களா என்று கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து போகும் இடத்தில் இந்தக் கணக்கு மாதாமாதம் ஏறும்.

விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வெளிநாட்டுக் கம்பெனி என்றால் அந்த வரியை நீங்களே கட்ட வேண்டிய முறை வரும். கணக்குப் பிரிவுக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மாதாமாதம் கார்டில் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் பெரிய தொகைகளுக்குச் சிக்கல்தான். 15,000 ரூபாய்க்கு மேல் ஒவ்வொரு முறையும் தனி ஒப்புதல் கேட்கும். கார்டு வைத்திருக்கும் ஐயா வெளியூரில் இருந்தால் மென்பொருள் நின்றுவிடும். வருடாந்திர இன்வாய்ஸ் வாங்கி வங்கி வழியாகக் கட்டுவது நிம்மதி.

9. இப்போது டெமோ

அவர்களுடைய ஸ்லைடுகளைப் பார்க்காதீர்கள். இரண்டு நாள் முன்பே மூன்று பொருள்களை அனுப்புங்கள்: 3-ஆவது படியில் சீர்செய்த பட்டியலில் பெயர்களை மாற்றி எடுத்த 20 வரிகள், உங்கள் ஸ்கோர்ம் ஜிப், 2-ஆவது படியில் வரைந்த தாள். "என் பட்டியலை ஏற்றி, என் பாடத்தை ஓட்டி, என் தாளில் உள்ள மாதிரி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். வண்ண வண்ணப் படங்களைக் காட்ட அவர்களுக்கு நேரமே இருக்காது.

"அடுத்த அப்டேட்டில் வருகிறது" என்றால் "இல்லை" என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் அப்படி நம்பிக் காத்திருந்த ஒரு வசதி, ஒப்பந்தம் முடிகிற வரை வரவில்லை.

டெமோ முடிந்ததும் உங்களுக்கு நிர்வாகி உரிமையோடு இரண்டு வாரச் சோதனைக் கணக்கு கேளுங்கள். படிப்பவர் பக்கம் எல்லா மென்பொருளிலும் அழகாகத்தான் இருக்கும். ஒரு ஆளைப் பிரிவு மாற்ற எத்தனை முறை சொடுக்க வேண்டும் என்பதை நிர்வாகி பக்கத்தில்தான் பார்க்க முடியும். தினமும் அங்கே உட்காரப்போவது நீங்கள்.

10. வெள்ளோட்டம்: சிரமமான ஆட்களைத் தேர்ந்தெடுங்கள்

ஆபீஸ் ஆட்களை வைத்து வெள்ளோட்டம் விட்டால் எல்லாமே தேறிவிடும். நாங்கள் அப்படித்தான் ஏமாந்தோம். பதினைந்து பேர் போதும். ஆனால் அதில் வயதில் மூத்தவர், டேப் தொடாதவர், இந்தி மட்டும் தெரிந்தவர், கடைக்கோடி ஷெட்டில் இருப்பவர், நைட் ஷிப்ட்காரர் எல்லோரும் இருக்கட்டும்.

நைட் ஷிப்டை விட்டுவிடாதீர்கள். எங்களுக்குப் பகலில் நன்றாக ஓடிய பாடம் இரவில் மட்டும் திறக்கவில்லை. மென்பொருள் கம்பெனிக்கு மெயில் மேல் மெயில் போட்டோம். கடைசியில் பார்த்தால், இரவு பத்து மணிக்கு ரவுண்ட்ஸ் வரும் செக்யூரிட்டி, கரண்ட் மிச்சமாகட்டும் என்று ஆபீஸ் லைட்டோடு வைஃபை ரவுட்டரையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

படிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள். "அதை அழுத்துங்க" என்று நீங்கள் சொன்ன கணத்தில் சோதனை கெட்டுப்போகும். டேப் கைக்கு வந்ததிலிருந்து முதல் ஸ்லைடு வரை எத்தனை நிமிடம், எத்தனை பேர் உதவி கேட்டார்கள் என்று மட்டும் எழுதுங்கள். எவ்வளவு வந்தால் வாங்குவது என்ற கோட்டை முன்பே போட்டுவிடுங்கள். எங்கள் கோடு: 15 பேரில் 12 பேர் உதவியில்லாமல் மூன்று நிமிடத்துக்குள் பாடத்துக்குள் போக வேண்டும். பிறகு கோடு போட்டால், அதற்குள் பிடித்துப்போன மென்பொருளுக்கு ஏற்ப அது நகரும்.

11. கையெழுத்துக்கு முன்

விலகும் வழியை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தம் முடிந்தால் பதிவுகள் எந்த வடிவத்தில் கிடைக்கும், எத்தனை நாளுக்குள், அதற்குத் தனிக் கட்டணமா என்பவை அதில் இருக்க வேண்டும். எங்கள் முதல் மென்பொருளை விட்டு வெளியேறியபோது பதிவுகள் 200 பக்க பிடிஎஃப்பாக வந்தன. அதை எக்செலில் ஏற்ற ஒரு பயிற்சி மாணவர் மூன்று வாரம் உட்கார்ந்தார்.

பணியாளர்களின் பெயர், போன் எண், மதிப்பெண் எல்லாம் தனிநபர் தரவு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இருப்பதால், அதைக் கையாள்வதில் உங்கள் கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு. தரவு எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம், ஒப்பந்தம் முடிந்ததும் எப்போது அழிப்பார்கள் என்று கேளுங்கள். தேவையில்லாததைக் கொடுக்காமல் இருப்பது அதைவிட நல்லது. பயிற்சிக்கு ஆதார் எண் எதற்கு?

உதவி மையம் நம் நேரத்தில் எத்தனை மணி வரை இருக்கிறது, இரண்டாம் வருடம் விலை எவ்வளவு ஏறலாம், தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா ஆகியவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வாங்கிய பிறகு மாதம் ஒருமுறை முழு ரிப்போர்ட்டையும் இறக்கி உங்கள் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதிக்கு 60 நாள் முன்பு காலண்டரில் ஒரு குறி போடுங்கள். அன்று 2-ஆவது படியில் வரைந்த அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் அதே ரிப்போர்ட்டை மென்பொருளிலிருந்து எடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் வந்தால் புதுப்பியுங்கள். வராவிட்டால் வேறு பார்க்க இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கிறது.